மூவாயிரத்து இருநூறு எழுத்து நாடோடி

பிரசவத்துக்குப் பெயர் பதிவு செய்தாலும், குடலிறக்க ஆபரேஷனுக்குப் போனாலும், ரத்த தானத்துக்குக் கை நீட்டினாலும் ஒரு சோதனை தவறாமல் நடக்கும்: ஹெபடைடிஸ் பி. ரிப்போர்ட்டில் ‘நெகட்டிவ்’ என்று பார்த்ததும் தாளை மடித்து வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்போம். ‘பாசிட்டிவ்’ வந்தவர்களுக்குத்தான் ஒரு விசித்திரம் காத்திருக்கிறது. ஒருவர் எண்பது வயது வரை எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்ந்துவிட்டுப் போகிறார். அதே வைரஸைச் சுமக்கும் இன்னொருவருக்கு நாற்பதிலேயே கல்லீரல் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்துக்கொள்கிறது. மது, சர்க்கரை, உடலின் எதிர்ப்புச் சக்தி என்று நம் பக்கத்துக் காரணங்கள் பல. வைரஸ் பக்கத்திலும் ஒரு காரணம் உண்டு. இருவர் உடம்பிலும் இருப்பவை பெயரளவில்தான் ஒன்று. அது எந்தெந்த ஊர் வழியாக வந்தது, வழியில் எந்த எழுத்தை மாற்றிக்கொண்டது என்பதைப் பொறுத்துக் கல்லீரலின் கதியும் மாறுகிறது.

எழுத்து என்று சொன்னது டிஎன்ஏ எழுத்துகளை. மனித மரபுத்தொகுதியில் அவை 300 கோடிக்கும் மேல். இந்த வைரஸிடம் இருப்பவை சுமார் 3,200 மட்டுமே. அந்தச் சொற்ப எழுத்துகளுக்குள் நான்கு மரபணுக்களை அடைத்து வைத்திருக்கிறது. எப்படி? காளமேகப் புலவர் ஒரே பாட்டில் பாம்புக்கும் எள்ளுக்கும் பொருள் வைத்தாரே, அந்த வித்தைதான். குறிப்பாகச் சொன்னால் பிரிமொழிச் சிலேடை. அதே எழுத்துகளை ஓரிடத்தில் தொடங்கிப் பிரித்துப் படித்தால், நகலெடுக்கும் நொதி. ஓர் எழுத்து தள்ளிப் பிரித்தால், வைரஸின் மேலுறைப் புரதம். ஓர் எழுத்து பிசகினால் சில இடங்களில் இரண்டு பொருளும் சேர்ந்து பிசகும். இந்த ஒரு குணத்தை நினைவில் வைத்துக்கொண்டால் மீதிக் கதை எளிதாகப் புரியும்.

பழங்காலத்து வைரஸை எங்கே தேடுவது? பல்லில். உயிரோடு இருந்தபோது பல்லுக்குள் ஓடிய ரத்தத்தின் டிஎன்ஏ துணுக்குகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அங்கேயே பத்திரமாக இருக்கின்றன. 2018-ல் ஓர் ஆய்வுக் குழு ஜெர்மனியில் கிடைத்த, ஏறக்குறைய 7,000 ஆண்டுப் பழமையான எலும்புக்கூட்டிலிருந்து ஹெபடைடிஸ் பி வைரஸைப் படித்துக் காட்டியது. 2021-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, 400 முதல் 10,500 ஆண்டுகள் வரை பழமையான 137 வைரஸ் மரபுத்தொகுதிகளை வரிசைப்படுத்தியது. அமெரிக்கக் கண்டத்தில் முதன்முதலில் குடியேறிய மக்களோடு போன கிளையும், ஐரோப்பா ஆசியாவில் தங்கிய கிளையும் இன்றைக்கு 20,000 முதல் 12,000 ஆண்டுகளுக்கு முன் பிரிந்திருக்க வேண்டும் என்று அது கணித்தது. விவசாயம் தொடங்குவதற்கு முன்பே, வேட்டையாடித் திரிந்தவர்களின் கல்லீரலில் இவர் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

அந்த ஆய்வில் ஒரு மர்மக் கதையும் உண்டு. மேற்கு ஐரோப்பாவின் ஆதி விவசாயிகளிடம் ஒரு தனி வகை பல்லாயிரம் ஆண்டுகள் கோலோச்சியது. வெண்கலக் காலத்தின் முடிவில், கிழக்கு மத்தியதரைக் கடல் நாடுகளின் அரசுகள் ஒவ்வொன்றாகச் சரிந்த காலத்தை ஒட்டி, அது துடைத்தெடுத்ததுபோல் மறைந்துபோனது. வேறொரு வகை வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது. மூவாயிரம் ஆண்டுகள் கழித்து, எச்ஐவி பரவிய காலத்தில் ‘ஜி’ என்றொரு வகை கண்ணில் பட்டது. காணாமல்போன அந்தப் பழைய வம்சத்தின் மிச்சம் இதுதான். ஆனால் இவர் ஓர் ஊனத்தோடு திரும்பி வந்திருக்கிறார். ‘ஈ ஆன்டிஜென்’ என்ற புரதத்தை இவரால் தயாரிக்கவே முடியாது. அதனால் பெரும்பாலும் ‘ஏ’ வகையைத் துணைக்கு வைத்துக்கொண்டே பிழைக்கிறார். இந்த ‘ஈ’யைச் சற்று நேரத்தில் மறுபடி சந்திப்போம்.

வரலாற்றுக் காலத்துக்கு வந்தால், இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் சான் டொமெனிகோ மஜ்ஜோரே தேவாலயத்தில் 16-ம் நூற்றாண்டுக் குழந்தை மம்மி ஒன்று இருக்கிறது. முகத்தில் தடிப்புகள். பெரியம்மை என்றுதான் முதலில் முடிவு கட்டினார்கள். பெரியம்மையின் பழமைக்கு அதைச் சான்றாகவும் காட்டினார்கள். 2018-ல் டிஎன்ஏவைப் படித்தபோது பெரியம்மை வைரஸின் சுவடே இல்லை. இருந்தது ஹெபடைடிஸ் பி, அதிலும் இன்றைக்கும் மத்தியதரைக் கடல் நாடுகளிலும் இந்தியாவிலும் பரவலாகக் காணப்படும் ‘டி’ வகை. அதே நூற்றாண்டைச் சேர்ந்த கொரியக் குழந்தை மம்மி ஒன்றின் கல்லீரலில் ‘சி’ வகை கிடைத்தது. கொரியாவில் இன்றும் அதுவே ஆட்சி செய்கிறது. ஊருக்கு ஊர் வைரஸ் வகை மாறுவது ஏதோ நேற்று நடந்ததல்ல என்பதற்கு இந்த இரண்டு பிள்ளைகளே சாட்சி.

பிறகு கப்பல்கள் வந்தன. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துச் செல்லப்பட்டவர்கள் தங்கள் மொழியையும் இசையையும் கொண்டுபோனதுபோல், தெரியாமலே இந்த வைரஸையும் கொண்டுபோனார்கள். ஹைட்டி நாட்டில் நடந்த ஆய்வில் 44 சதவீத வைரஸ்கள் ‘ஏ1’ வகை. அது இன்றைக்குப் பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்காவில் இருப்பது. இன்னும் 20 சதவீதம், பழைய அடிமைச் சந்தையான பெனின் வளைகுடாப் பகுதியைத் தவிர வேறெங்கும் தென்படாத ‘ஏ5’. வியப்பு இதிலில்லை, இல்லாததில்தான் இருக்கிறது. இன்றைய மேற்கு ஆப்பிரிக்காவில் எங்கு பார்த்தாலும் ‘ஈ’ வகைதான் (முன்பு சொன்ன ஈ ஆன்டிஜென் வேறு, இந்த வகை வேறு). ஹைட்டியில் அது அபூர்வம். அப்படியென்றால் அடிமை வணிகம் நடந்த காலத்தில் மேற்கு ஆப்பிரிக்காவில் ‘ஈ’ வகை பெருகியிருக்கவில்லை. பின்னால்தான் பெருகியது, அதற்குக் காரணம் சுத்தம் செய்யாத ஊசிகளாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

இன்னும் விநோதமான பயணி ஒருவர் உண்டு. 2009-ல் ஜப்பானில் கல்லீரல் புற்றுநோய் வந்த 88 வயது முதியவரிடம் அதுவரை பார்த்திராத ‘ஜே’ வகை கிடைத்தது. மனித வைரஸ்களைவிட கிப்பன், ஒராங்குட்டான் என்ற வாலில்லாக் குரங்குகளின் வைரஸுக்கு அது நெருக்கம். இரண்டாம் உலகப்போரின்போது அவர் போர்னியோவில் இருந்தவராம்.

ஊசிக்கு வருவோம். 1883-ல் ஜெர்மனியின் பிரெமன் நகரத்துக் கப்பல் கட்டும் தளத்தில் 1,289 தொழிலாளர்களுக்கு அம்மை குத்தினார்கள். மனித உடலிலிருந்து எடுத்த நிணநீரில் செய்த மருந்து. சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் 191 பேருக்கு மஞ்சள் காமாலை. வேறு தொகுப்பு மருந்து குத்திக்கொண்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. லூர்மன் என்ற மருத்துவர் இதையெல்லாம் பொறுமையாகக் கணக்கெடுத்து 1885-ல் எழுதிவைத்தார். உலகம் பெரிதாகக் கவனிக்கவில்லை. அதன் விலை 1942-ல் தெரிந்தது. அமெரிக்க ராணுவத்துக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டார்கள். ஊசி மருந்து கெடாமல் இருக்க அதில் மனித ரத்தச் சீரத்தைக் கலந்திருந்தார்கள். சுமார் 50,000 வீரர்கள் காமாலையோடு மருத்துவமனைக்குப் போனார்கள். தொற்று வந்தவர்கள் ஏறக்குறைய 3,30,000 பேர் என்று பின்னால் மதிப்பிட்டார்கள். போரில் எதிரியின் குண்டுக்குத் தப்பித்தவர்களைத் தன் தரப்பு மருந்தே படுக்கவைத்தது.

அந்த விபத்திலிருந்து ஒரு முக்கியமான விஷயம் தெரியவந்தது. 1987-ல் அந்தப் பழைய வீரர்களைத் தேடிப்பிடித்து ரத்தம் எடுத்துப் பார்த்தால், ஆயிரத்தில் மூன்று பேர்கூட வைரஸைத் தொடர்ந்து சுமக்கவில்லை. பெரியவர்களின் உடல் வைரஸை அடித்துத் துரத்திவிடுகிறது. தாயிடமிருந்து பிறக்கும்போதே வாங்கிக்கொள்ளும் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு அது ஆயுள் குடித்தனம். பிறழ்வுகளின், அதாவது எழுத்து மாற்றங்களின், கதை முழுக்க இந்த நீண்டகாலக் குடித்தனக்காரர்களைப் பற்றியதுதான். நாற்பது ஐம்பது ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்தால்தானே சுவரில் கிறுக்க நேரம் கிடைக்கும்!

இத்தனை நடந்தும் ஆசாமியின் முகத்தை யாரும் பார்த்ததில்லை. பார்த்தவர் அதைத் தேடியவரும் அல்ல. பரூக் பிளம்பெர்க் என்ற அமெரிக்கர், மனிதர்களின் ரத்தத்தில் ஊருக்கு ஊர் என்ன வேறுபாடு என்று அறிய உலகம் சுற்றி ரத்தம் சேகரித்துக்கொண்டிருந்தார். 1963-ல் நியூயார்க்கைச் சேர்ந்த ஒரு ஹீமோஃபிலியா நோயாளியின் சீரத்தோடு ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தம் வினைபுரிந்து ஒரு கோடு காட்டியது. பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டவர் அந்த நோயாளி. உலகத்து ரத்தப் புரதங்கள் பலவற்றுக்கும் அவர் உடலில் எதிர்ப்புரதம் இருந்தது. ஆஸ்திரேலியரின் ரத்தத்தில் அந்தக் கோட்டைக் காட்டிய பொருளுக்குப் பிளம்பெர்க் ‘ஆஸ்திரேலிய ஆன்டிஜென்’ என்று பெயர் வைத்து, ரத்தப் புற்றுநோயோடு தொடர்புடையது என்று முதலில் நினைத்தார். பிறகு அவருடைய ஆய்வகத்தில் வேலை பார்த்த பெண்ணுக்கே காமாலை வர, அந்தப் பெண்ணின் ரத்தத்திலும் அதே கோடு தோன்றியது. டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் இருந்த ஆய்வாளர்கள் ரத்தம் ஏற்றியதால் வந்த காமாலையோடு அதை உறுதியாக இணைத்தார்கள். 1970-ல் லண்டனில் டேவிட் டேன் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் முழு வைரஸையும் பார்த்தார்; குறுக்களவு 42 நானோமீட்டர். 1976-ல் பிளம்பெர்க்குக்கு நோபல் பரிசு. அவருடைய பிறந்த நாளான ஜூலை 28 இன்று உலக ஹெபடைடிஸ் தினம்.

இது ஏன் இத்தனை பிழை விடுகிறது என்பதைச் சொல்லிக் கொடுத்தது வாத்து. பிலடெல்பியாவில் ஜெஸ்ஸி சம்மர்ஸும் வில்லியம் மேசனும் பெய்ஜிங் வாத்துகளின் கல்லீரலில் இதே குடும்பத்து வைரஸ் ஒன்றை வளர்த்துப் பார்த்தார்கள். டிஎன்ஏவிலிருந்து நேராக டிஎன்ஏவை நகலெடுக்கும் என்று எதிர்பார்த்த வைரஸ், முதலில் ஆர்என்ஏவாக மாறி அதிலிருந்து பின்னோக்கி டிஎன்ஏ எழுதிக்கொண்டிருந்தது. எச்ஐவி செய்யும் அதே தலைகீழ் வேலை. 1982-ல் அவர்கள் இதை வெளியிட்டபோது எச்ஐவி கண்டுபிடிக்கப்படக்கூட இல்லை. இப்படித் தலைகீழாக எழுதும் நொதிக்கு எழுதியதைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் கிடையாது. நாள் ஒன்றுக்குப் பத்தாயிரம் கோடி அளவில் வைரஸ்கள் உற்பத்தியாகும் ஓர் உடலில், பிழைதிருத்துநர் இல்லாத அச்சகம் என்னவெல்லாம் அச்சிடும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலான பிழைகள் வைரஸையே கொன்றுவிடும். சிலேடை கெட்ட பாட்டு செல்லாது. தப்பிப் பிழைக்கும் சில பிழைகள்தான் மருத்துவர்களின் தூக்கத்தைக் கெடுத்தன.

முதலில் கெடுத்தது அந்த ‘ஈ’. 1972-ல் ஸ்வீடனில் கண்டறியப்பட்ட ஈ ஆன்டிஜென், மருத்துவர்களுக்கு ஒரு சுலபமான அளவுகோலாக இருந்தது. ரத்தத்தில் ஈ இருந்தால் வைரஸ் வேகமாகப் பெருகுகிறது. ஈ மறைந்து அதற்கு எதிர்ப்புரதம் வந்துவிட்டால் வைரஸ் அடங்கிவிட்டது, நல்ல சேதி. ஆனால் கிரீஸிலும் இத்தாலியிலும் இந்தக் கணக்கு உதைத்தது. ரிப்போர்ட்டில் ஈ நெகட்டிவ். நோயாளிக்கோ கல்லீரல் எரிந்துகொண்டே இருந்தது. 1989-ல் வில்லியம் கார்மனும் ஹோவர்ட் தாமஸும் கிரேக்க, இத்தாலிய நோயாளிகளின் வைரஸை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்தார்கள். 1896-ம் எழுத்து ‘ஜி’யாக இருக்க வேண்டிய இடத்தில் ‘ஏ’. அந்த ஒரு மாற்றத்தால் ஈ புரதத்தின் வாக்கியத்தில் நடுவிலேயே முற்றுப்புள்ளி விழுந்துவிட்டது. வைரஸ் அடங்கவில்லை, அடையாள அட்டையை மட்டும் கிழித்துப் போட்டிருந்தது.

ஈ புரதம் வைரஸின் உடலைக் கட்டுவதற்குத் தேவையே இல்லை. அது ரத்தத்தில் மிதந்து, நம் எதிர்ப்புப் படையை மயக்கி வைக்கிற சரக்கு என்றுதான் கருதுகிறார்கள். குழந்தைப் பருவத்தில் அந்த மயக்கம் வைரஸுக்குப் பேருதவி. வாலிபத்தில் எதிர்ப்புப் படை விழித்துக்கொண்டதும் அதே ஈ காட்டிக்கொடுக்கும் அடையாளமாகிவிடுகிறது. அப்போது ஈ இல்லாத பிழைப்பிரதிகள் தப்பித்துப் பெருகுகின்றன. இந்த நிலையில் நோய் ஒரே சீராக ஓடாது. சில மாதம் அடங்கும், பிறகு திடீரென்று கொதிக்கும். தானாக முற்றிலும் விலகுவது அரிது. ஒவ்வொரு கொதிப்பும் கல்லீரலில் தழும்பு விட்டுப்போகும். தழும்புகள் சேர்ந்தால் சிரோசிஸ். ஈ மயக்கம் இல்லாத வைரஸ் புதிதாக ஒரு பெரியவருக்குத் தொற்றினால் எதிர்ப்புப் படை வெறிகொண்டு பாய்வதும் உண்டு. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் ஒரே நோயாளியிடமிருந்து ஐந்து பேருக்குத் தொற்றியதில் அவர்களின் கல்லீரல் திடீரெனச் செயலிழந்தது. தொற்றியது இந்தப் பிறழ்வு வைரஸ் என்று 1991-ல் தெரிந்தது.

சரி, இது ஏன் மத்தியதரைக் கடலோரத்தில் இத்தனை சகஜம், வடமேற்கு ஐரோப்பாவில் ஏன் அபூர்வம்? விடை வைரஸின் பூர்வீகத்தில் இருக்கிறது. 1896-ம் எழுத்து தனியாக நிற்பதில்லை. ஆர்என்ஏ மடங்கும்போது அது 1858-ம் எழுத்தோடு ஜோடி சேர்கிறது. ‘டி’, ‘ஈ’, ‘பி’ வகைகளிலும் பெரும்பாலான ‘சி’யிலும் 1858-ல் இருப்பது, ‘ஏ’ என்ற எழுத்தோடு பொருந்தும் எழுத்து. ஆகவே 1896 மாறினால் ஜோடி இன்னும் இறுகும், வைரஸுக்கு லாபம். வடமேற்கு ஐரோப்பாவின் ‘ஏ’ வகையில் 1858-ல் வேறு எழுத்து. அங்கே 1896 மாறினால் மடிப்பே குலைந்துவிடும். 1994-ல் அன்னா லாக் குழுவினர் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் எந்தக் கூட்டத்தோடு எந்த வகை நடந்து வந்தது என்பது, இன்று ஏதென்ஸ் நோயாளிக்கு எந்தப் பிறழ்வு வரும், லண்டன் நோயாளிக்கு எது வராது என்பதைத் தீர்மானிக்கிறது. எனக்கு இந்தக் கதையிலேயே ஆகப் பிடித்த இடம் இதுதான்.

ஐரோப்பாவில் ‘ஈ’ கவலை என்றால், கிழக்காசியாவில் கவலை புற்றுநோய். 1981-ல் பாமர் பீஸ்லி தைவானில் 22,707 ஆண்களைப் பின்தொடர்ந்த ஆய்வை வெளியிட்டார். வைரஸைச் சுமப்பவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைப்போல 223 மடங்கு. மருத்துவப் புள்ளிவிவரங்களில் இப்படி ஓர் எண்ணைப் பார்ப்பது அரிது. அடுத்து சென் சியென்-ஜென் 3,653 பேரைத் தொடர்ந்து கவனித்து, ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு அதிகமோ புற்றுநோய் ஆபத்தும் அவ்வளவு அதிகம் என்று 2006-ல் காட்டினார். (கல்லீரலைக் கணக்கெடுத்த இந்த மனிதர் பிற்பாடு தைவானின் துணை அதிபராகவும் பிரதமராகவும் ஆனார்.) அதே மக்களின் வைரஸ் எழுத்துகளைப் படித்த 2008 ஆய்வில்தான் சுவாரசியம். ‘பி’ வகையைவிட ‘சி’ வகைக்குப் புற்றுநோய் அதிகம். ‘பி’ வகைக்காரர்களின் ஈ ஏறக்குறைய பத்தாண்டுகள் முன்னதாக மறைகிறது, ‘சி’ வகைக்காரர்கள் அவ்வளவு காலம் கூடுதலாக வைரஸ் வெள்ளத்தில் நனைகிறார்கள் என்பது ஒரு விளக்கம். 1762, 1764 என்ற இரண்டு எழுத்துகள் சேர்ந்து மாறியிருந்தால் ஆபத்து இன்னும் ஏறியது. 1896 மாற்றமோ அங்கே ஆபத்தைக் கூட்டவில்லை. அது உள்ளவர்களுக்குப் புற்றுநோய் குறைவாகவே இருந்தது! கிரீஸில் வில்லனாக இருந்தவர் தைவானில் சாதுவாக நிற்கிறார். பிறழ்வுகள் என்றாலே கெட்டவை என்று ஒரே பெட்டியில் போட முடியாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

அந்த 1762, 1764 ஜோடியில் சிலேடை மறுபடி தலைகாட்டுகிறது. அந்த இடம் ஈ தயாரிப்பைக் கட்டுப்படுத்தும் விசை. மாறினால் ஈ குறையும், வைரஸ் பெருக்கம் கூடும். அதே எழுத்துகளை வேறு மாதிரி பிரித்துப் படித்தால் அது ‘எக்ஸ்’ புரதத்தின் ஒரு பகுதி. செல்லின் வளர்ச்சிக் கட்டளைகளில் தலையிடும் புரதம் அது. ஒரே அடியில் இரண்டு இடத்திலும் கோளாறு. சீனாவில் ஷாங்காய்க்கு வடக்கே உள்ள சிடோங் பகுதியில், புற்றுநோய் வந்தவர்களின் பழைய ரத்த மாதிரிகளை எடுத்துப் பார்த்தபோது, நோய் தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்த இரட்டைப் பிறழ்வு சிலரிடம் இருந்தது. அங்கே இன்னொரு கூட்டாளியும் சேர்ந்துகொண்டார்: பூஞ்சை பிடித்த சோளத்தில் உண்டாகும் அஃப்ளடாக்ஸின் நஞ்சு. அது வைரஸை விட்டுவிட்டு மனித மரபணுவிலேயே, புற்றைத் தடுக்கும் ‘பி53’யின் 249-ம் இடத்தில், தன் கையெழுத்தைப் போடுகிறது. வடதுருவத்தை ஒட்டிய அலாஸ்காவில் கதை வேறு. பழங்குடியினரிடம் ‘எஃப்’ வகை உள்ளவர்களுக்கு இருபதுகளிலேயே புற்றுநோய் வருவதைப் பார்த்திருக்கிறார்கள். மேலுறையின் ‘ப்ரீ-எஸ்’ பகுதியில் எழுத்துகள் கொத்தாக விழுந்துபோவது மற்றொரு ஆபத்து. அரைகுறைப் புரதம் வெளியேற முடியாமல் செல்லுக்குள்ளேயே குவிந்து, செல்லை ஓயாத நெருக்கடியில் தள்ளுகிறது.

இனி வைரஸின் மேலுறையை நகலெடுத்துத் தடுப்பூசியாக்கியவர்களின் கதை. வைரஸ், தேவைக்கு மேல் வெறும் மேலுறைகளை ரத்தத்தில் கொட்டிக்கொண்டே இருக்கும். உள்ளே ஒன்றுமில்லாத அந்தச் சட்டைகளைச் சேகரித்துச் சுத்தப்படுத்தி, மெர்க் நிறுவனம் 1981-ல் தடுப்பூசியாக்கியது. மூலப்பொருள், வைரஸைச் சுமப்பவர்களின் ரத்தம். எய்ட்ஸ் பயம் பரவிய நேரம் அது. ரத்தத்தில் செய்த ஊசி என்றால் யார் நம்புவார்கள்? 1986-ல் மேலுறை மரபணுவை ரொட்டி ஈஸ்டுக்குள் நுழைத்து, ஈஸ்டையே சட்டை தைக்க வைத்தார்கள். மனிதர்களுக்கான முதல் மறுசேர்க்கைத் தடுப்பூசி அது. 1989-ல் மெர்க் அந்தத் தொழில்நுட்பத்தை 70 லட்சம் டாலருக்குச் சீனாவுக்கு விற்றது. அடக்க விலைக்கு விற்றதுபோலத்தான். இந்தியாவில் இறக்குமதி ஊசி பல நூறு ரூபாய் விற்ற காலத்தில், ஹைதராபாத்தில் வரப்பிரசாத் ரெட்டியின் சாந்தா பயோடெக்னிக்ஸ் வேறொரு ஈஸ்டைப் பழக்கி 1997-ல் சொந்த ஊசியைக் கொண்டுவந்தது. விலை மளமளவென்று இறங்கியது. தைவான் 1984-லேயே பிறந்த குழந்தைகளுக்கு ஊசி போடத் தொடங்கி, பத்தாண்டுகளில் சிறுவர்களின் கல்லீரல் புற்றுநோயை ஏறக்குறைய பாதியாக்கியிருந்தது.

வைரஸும் சும்மா இருக்கவில்லை. 1990-ல் தெற்கு இத்தாலியில் முறையாக ஊசி போட்ட ஒரு குழந்தைக்குத் தாயிடமிருந்து தொற்று வந்திருந்தது. மேலுறையின் 145-ம் இடத்தில் ஒரு மாற்றம். ஊசி பழக்கிவைத்த எதிர்ப்புரதத்தால் அதைப் பிடிக்க முடியவில்லை. உலகமே பதறியது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் அந்தப் பிறழ்வு ஊசியைத் தோற்கடித்துப் பரவிவிடவில்லை என்பது ஆறுதல்.

சென்னைக்கும் இந்தக் கதையில் ஓர் அத்தியாயம் உண்டு. காமாலை என்றால் நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது கீழாநெல்லி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன், பிளம்பெர்க்கோடு சேர்ந்து அதைச் சோதித்தார். 1988-ல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது: முப்பது நாள் கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து மேலுறை ஆன்டிஜென் மறைந்தது, வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகம் முழுக்கப் பரபரப்பு. பிற நாடுகளில் செய்து பார்த்தார்கள். அதே பலன் திரும்பக் கிடைக்கவில்லை. கீழாநெல்லி மீது பிரியம் உள்ளவர்கள் முதல் ஆய்வோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அடுத்து வந்தவற்றையும் சேர்த்துப் படிப்பதுதான் நேர்மை.

வேலை செய்த மருந்து எச்ஐவி பக்கத்திலிருந்து கடன் வாங்கியது. லாமிவுடின், தலைகீழ் நகலெடுக்கும் நொதியை அடைக்கும் மாத்திரை; 1998-ல் ஹெபடைடிஸ் பிக்கும் அனுமதி கிடைத்தது. வைரஸ் கிடுகிடுவென்று இறங்கியது. ஆனால் நொதியின் 204-ம் இடத்தில் ஒரு மாற்றம் போதும், மாத்திரை பயனற்றுப்போகும். ஐந்து ஆண்டுகள் சாப்பிட்டவர்களில் எழுபது சதவீதம் பேருக்கு அது வந்தது. யுன்-ஃபான் லியாவ் தலைமையில் ஆசிய நாடுகளில் முற்றிய நோயாளிகளிடம் நடந்து 2004-ல் வெளியான ஆய்வு இதன் விளைவை எண்ணிக் காட்டுகிறது. மாத்திரை சாப்பிட்டவர்களில் 49 சதவீதம் பேருக்குப் பிறழ்வு தோன்றியது. பிறழ்வு வந்தவர்களில் 7 சதவீதம் பேருக்குக் கல்லீரலின் நிலை மோசமானது, வராதவர்களில் ஒரு சதவீதம்கூட இல்லை. சிலேடை இங்கேயும் விடவில்லை. நொதியின் எழுத்துகளே மேலுறையின் எழுத்துகளும் ஆயிற்றே! மருந்துக்குத் தப்பிக்க வைரஸ் செய்த சில மாற்றங்கள், தடுப்பூசி தந்த எதிர்ப்புரதத்தின் பிடியையும் தளர்த்துவதாக ஆய்வகங்களில் தெரிந்தது. பிறகு வந்த என்டெகாவிர், டெனோஃபோவிர் மாத்திரைகளிடம் வைரஸின் இந்த ஜாலம் பெரும்பாலும் எடுபடவில்லை. டெனோஃபோவிருக்கு எதிர்ப்பு தோன்றுவது மிக மிக அரிது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-ல் இந்த வைரஸைச் சுமந்தவர்கள் 25.4 கோடிப் பேர். இந்தியாவில் மட்டும் ஏறக்குறைய மூன்று கோடி. பெரும்பாலோருக்கு அது தெரியாது. 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் சோதனையும் மாத்திரையும் இலவசம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்குப் போட வேண்டிய ஊசியும் அப்படியே. ஒருமுறையாவது சோதித்துக்கொள்ளுங்கள். பாசிட்டிவ் என்று வந்து, கீழே ‘ஈ நெகட்டிவ்’ என்ற வரியும் இருந்தால் அதை நல்ல சேதி என்று எடுத்துக்கொண்டு எழுந்துவிடாதீர்கள். ரத்தத்தில் வைரஸ் அளவு எவ்வளவு என்று டாக்டரிடம் கேளுங்கள். மாத்திரை தொடங்கியிருந்தால், அவர் சொல்லாமல் நீங்களாக நிறுத்தாதீர்கள்.